பாலும் வாடகையும் வரியும்
பொப்லர் நகரசபையார் கேட்ட கேள்வி

தேர்தற் காலம் வந்துவிட்டால் நம் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வருவோரின் தொகை பெருகிவிடுகின்றது. 2025 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆம் திகதி நம் நாட்டில் நடைபெற்ற உள்ளூராட்சித் தேர்தலின்போதும் அவ்வாறே வந்தனர். வாய்க்காலைத் துப்புரவாக்குவோம், தெருவிளக்குப் போடுவோம், குடிதண்ணீருக்கு வழிசெய்வோம் என்றெல்லாம் அபேட்சகர்கள் கூறக் கேட்டோம். அவற்றுள் வேண்டாதது ஒன்றுமில்லை. ஆயினும், வீட்டுச் செலவுக் கணக்கை மாதந்தோறும் எழுதிப் பழகிய குடும்பத் தலைவிக்கு இயல்பாகவே ஒரு கேள்வி எழும். ‘இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வரும்? அதைக் கொடுப்பவர் யார்?’ என்பதே அக்கேள்வி.

இக்கேள்விக்கு விடை தேடி, மக்களால் தெரிவுசெய்யப்பட்ட நகரசபை உறுப்பினர் முப்பதுபேர் ஒரு காலத்தில் மறியற்சாலைக்கே சென்றனர். அவர்களுள் ஐவர் பெண்கள். அவ்வைவருள் ஒருவர் கருவுற்றிருந்தவர். லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியிலுள்ள பொப்லர் என்னும் இடத்தில் 1921 ஆம் ஆண்டில் நிகழ்ந்த அச்சம்பவத்தையே இங்கு வாசகர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

துறைமுகத்தை நம்பிய ஊர்

தேம்ஸ் நதியின் கரையிலே, கிழக்கிந்தியத் துறை, மேற்கிந்தியத் துறை, மில்வோல் துறை என்னும் கப்பற்றுறைகளை அடுத்திருந்தது பொப்லர். அக்காலத்தில் ஏறக்குறைய 160,000 மக்கள் அங்கே வாழ்ந்தனர். உலகின் பல பாகங்களிலிருந்து வந்த தானியமும் சர்க்கரையும் மரமும் அத்துறைகளில் இறக்கப்பட்டன. அவற்றைத் தோளில் சுமந்து இறக்கியவர்களின் வீட்டில் அடுப்பு எரிவதோ, கப்பல் வருவதைப் பொறுத்திருந்தது. காலையில் துறைமுக வாயிலில் கூடிநிற்போருள் அன்றைக்கு வேண்டியவர்களை மாத்திரம் பெயர் சொல்லி அழைப்பர். மற்றவர்கள் வெறுங்கையோடு வீடு திரும்புவர்.

வேலையற்றவருக்கும் முதியோருக்கும் விதவைகளுக்கும் உதவிசெய்யும் கடமை, அந்தந்தப் பகுதிக்கென அமைந்த ஏழைகள் பாதுகாப்புச் சபையைச் சார்ந்ததாக இருந்தது. உதவி வேண்டுவோரை ஏழைகள் விடுதிக்கு அனுப்புவதே பழைய வழக்கம். அங்கே கணவன் ஒருபுறமும் மனைவி ஒருபுறமுமாகப் பிரித்து வைக்கப்பட்டனர். ஜோர்ஜ் லான்ஸ்பரி என்பவர் 1890 களில் அச்சபைக்கு உறுப்பினராகி விடுதியைப் பார்வையிடச் சென்றபோது, அங்கு வழங்கப்பட்ட கூழிலே எலிப்புழுக்கை கிடந்ததைக் கண்டதாகப் பிற்காலத்தில் எழுதியிருக்கின்றார். மரவாடித் தொழில் நடத்திவந்த அவர் அன்றுதொட்டு அவ்வூர் மக்களின் நலத்துக்கே தம்மை ஒப்படைத்தார்.

1919 ஆம் ஆண்டுத் தேர்தல்

முதலாம் உலக யுத்தத்தினால் நிறுத்திவைக்கப்பட்டிருந்த நகரசபைத் தேர்தல்கள் 1919 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நடைபெற்றன. அதற்கு முந்திய ஆண்டில் நிறைவேறிய சட்டம் வாக்காளர் இடாப்பையே மாற்றிவிட்டிருந்தது. ஏழைகளுக்குரிய உதவிப் பணத்தைப் பெற்றவன் வாக்குரிமையை இழப்பான் என்னும் பழைய விதி அச்சட்டத்தால் ஒழிந்தது. முப்பது வயதைக் கடந்த பெண்கள் பெருந்தொகையினருக்கும் வாக்குரிமை கிடைத்தது. பால் விலையையும் வாடகையையும் நாள்தோறும் எண்ணிப் பார்ப்பவர்கள் முதன்முறையாகப் பெருமளவில் வாக்களித்தனர். பொப்லர் நகரசபையின் 42 ஆசனங்களுள் 39 ஐத் தொழிற்கட்சி அபேட்சகர்கள் கைப்பற்றினர். துறைமுகத் தொழிலாளரும் புகையிரதத் தொழிலாளரும் அவர்களுள் இருந்தனர். லான்ஸ்பரி நகரபிதாவானார்.

சபையின் பணி எங்கே தொடங்கவேண்டும் என்பதில் அவர்களுக்கு ஐயம் இருக்கவில்லை. குழந்தைகளுக்கும் தாய்மாருக்கும் பால் வழங்குதல், வீடுதோறும் சென்று குழந்தை நலம் பேணும் தாதியரை நியமித்தல், காசநோய்க்குச் சிகிச்சை அளித்தல் ஆகியவற்றில் முதலில் கருத்தைச் செலுத்தினர். வீட்டிலே குளிப்பதற்கு இடமில்லாதவர்களுக்காகப் பொதுக் குளிப்பு மண்டபங்களும், துணி துவைப்பதற்குச் சலவைச் சாலைகளும் பேணப்பட்டன. நூல்நிலையங்களும் மின்சார விநியோகமும் விருத்தியடைந்தன. 1920 ஆம் ஆண்டில், சபையிலே வேலைசெய்வோருக்கு வாரத்துக்கு 4 பவுணுக்குக் குறையாத சம்பளம் வழங்குவதெனத் தீர்மானித்தனர். ஆணாயினும் பெண்ணாயினும் சம்பளம் ஒன்றே என்றும் விதித்தனர். ஒரே வேலைக்குப் பெண்ணுக்குக் குறைந்த கூலி கொடுப்பதே உலக நியதி என எல்லோரும் எண்ணியிருந்த காலம் அது என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும்.

சோலைவரியின் சிக்கல்

இனி, பணம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்போம். நம் நாட்டில் சோலைவரி என்று வழங்குகின்ற வரியைப் போன்றதே அங்கும் சபைகளுக்குரிய வருமானமாக இருந்தது. ஒரு வீட்டுக்கு ஆண்டொன்றுக்கு எவ்வளவு வாடகை கிடைக்கும் என்று மதிப்பிட்டு, அம்மதிப்பில் பவுணுக்கு இத்தனை சிலிங் என்று வரி விதிப்பர். வாடகை வீட்டில் வாழும் ஏழைக் குடும்பத்தினர் பலர் வரியையும் வாடகையோடு சேர்த்தே வாரந்தோறும் கட்டிவந்தனர். ஆகவே, வரி உயர்ந்தால் வாடகையும் உயரும்.

இம்முறையிலுள்ள அநீதியை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஓர் ஊரிலே இரண்டு ஒழுங்கைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் ஒழுங்கையில் பத்து மாடிவீடுகள் இருக்கின்றன. மற்றதில் பத்துக் குடிசைகள் இருக்கின்றன. ஒவ்வோர் ஒழுங்கையிலுமுள்ள ஏழைகளை அந்தந்த ஒழுங்கையாரே காப்பாற்றவேண்டும் என்று ஊர் விதித்தால் என்ன நேரும்? மாடிவீட்டு ஒழுங்கையில் காப்பாற்றப்பட வேண்டியவர் எவருமில்லை. ஆதலால் அங்கு வரியும் சொற்பம். குடிசை ஒழுங்கையிலோ, பட்டினி கிடப்பவன் பக்கத்து வீட்டுப் பட்டினிக்கும் வரி கட்டவேண்டும்.

லண்டன் மாநகரில் நடந்தது இதுவே. செல்வர் வாழ்ந்த வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியிலே பவுணுக்கு ஒரு பென்னி வரி விதித்தால் கிடைக்கும் தொகை, பொப்லரில் அதே ஒரு பென்னியால் கிடைக்கும் தொகையைப் போல ஏறக்குறைய ஒன்பது மடங்காக இருந்தது. ஏழைகள் விடுதியில் வைத்துப் பராமரிக்கும் செலவில் ஒரு பகுதியை லண்டன் முழுவதும் பகிர்ந்துகொள்வதற்கு 1867 ஆம் ஆண்டிலேயே ஒரு பொது நிதி ஏற்பட்டிருந்தது. ஆனால் ஏழைகளை அவர்களுடைய வீட்டிலேயே இருக்கவிட்டுப் பணவுதவி செய்தால், அச்செலவு முழுவதையும் அந்தந்தப் பகுதியே தாங்கவேண்டும். குடும்பத்தைப் பிரிக்காமல் உதவி செய்ய விரும்பிய சபைக்கு இதுவே தண்டனையாயிற்று.

1920 ஆம் ஆண்டின் இறுதியில் வர்த்தகம் சரிந்தது. துறைமுகத்தில் வேலை குறைந்தது. உதவி கேட்டு வந்தோர் தொகை மளமளவென ஏறியது. நகரசபையார் முன்னே இருந்த வழிகள் சிலவே. வரியை உயர்த்தினால், வாடகை கொடுக்க இயலாத குடும்பங்கள் தெருவுக்கு வரும். வரியை உயர்த்தாவிடின், உதவிப் பணத்தைக் குறைக்கவேண்டும். அன்றேல், தாங்கள் வாக்குறுதி அளித்துத் தொடங்கிய பணிகளைக் கைவிடவேண்டும்.

மூன்றாவது வழி

1921 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவர்கள் வேறொரு வழியைத் தெரிந்தெடுத்தனர். ஒவ்வொரு நகரசபையும் தன் வரியுடன், லண்டன் முழுமைக்கும் பொதுவான நான்கு அமைப்புக்களுக்குரிய பங்கையும் சேர்த்து அறவிட்டு அனுப்புவது வழக்கம். லண்டன் மாவட்ட சபை, பொலிஸ், தண்ணீர்ச் சபை, தொற்றுநோய் வைத்தியசாலைகள் முதலியவற்றை நடத்திய சபை ஆகியனவே அவை. அப்பங்கை இனி அறவிடுவதில்லை எனப் பொப்லர் நகரசபை தீர்மானித்தது. ‘செல்வம் மிகுந்த பகுதிகள் எங்கள் ஏழைகளின் சுமையில் பங்குகொள்ளும்வரை, அப்பொதுச் செலவில் நாங்கள் பங்குகொள்ள இயலாது’ என்பதே அவர்களது வாதத்தின் சாரம்.

இச்செயல் சட்டத்துக்கு மாறானது என்பதை அவர்கள் நன்கறிவர். வழக்குத் தொடரப்பட்டது. ஜூலை மாதம் 29 ஆம் திகதி, பொப்லரிலிருந்து நீதிமன்றம்வரை நகரசபையார் ஊர்வலமாக நடந்து சென்றனர். முன்னே செங்கோல் தாங்குவோன் நடந்தான். அவனுக்குப் பின்னே அவ்வாண்டு நகரபிதா சாம் மார்ச் தமது பதவிச் சங்கிலியை அணிந்து சென்றார். பொப்லர் நகரசபை உயர்நீதிமன்றத்துக்கும், ஒருவேளை சிறைக்கும் செல்கின்றது என்னும் கருத்தமைந்த பதாகை ஒன்றும் கூடவே சென்றது. பணத்தைச் செலுத்துமாறு நீதிபதிகள் கட்டளையிட்டனர். உறுப்பினர்களோ இணங்கவில்லை.

செப்டெம்பர் மாதத் தொடக்கத்தில் கைதுகள் ஆரம்பித்தன. ஆண்கள் இருபத்தைந்துபேர் பிரிக்ஸ்டன் சிறைக்கும், பெண்கள் ஐவர் ஹொலோவே சிறைக்கும் கொண்டுசெல்லப்பட்டனர்.

ஐந்து பெண்கள்

அப்பெண்களைப் பற்றிச் சிறிது கூறாமல் அப்பாற் செல்ல நமக்கு மனமில்லை.

சூசன் லோரன்ஸ் செல்வக் குடும்பத்திற் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கணிதம் கற்றவர். முதலில் பழைமைக் கட்சியின் சார்பில் லண்டன் மாவட்ட சபையில் அமர்ந்திருந்தார். பாடசாலைகளைக் கூட்டித் துடைக்கும் பெண்களுக்கு வழங்கப்பட்ட அற்பக் கூலியை அறிந்தபோது அவர் மனம் மாறியது. கட்சியும் மாறினார். பின்னர் பாராளுமன்றத்துக்கும் தெரிவானார்.

நெல்லி கிரெஸல் சலவைத் தொழில் செய்து வாழ்ந்தவர். சிறை புகுந்தபோது கருவுற்றிருந்தார். அந்நிலையிலுள்ள ஒரு பெண்ணைச் சிறையில் வைத்திருப்பது அரசாங்கத்துக்கே சங்கடத்தை விளைவித்தது. பொதுமக்களின் கண்டனம் ஓங்கவே, மற்றவர்களுக்கு முன்னதாக அவர் வெளியே விடப்பட்டார். இருபத்திரண்டு ஆண்டுகளின் பின், 1943 ஆம் ஆண்டில், அவரே பொப்லரின் நகரபிதாவாகப் பதவியேற்றார்.

ஜூலியா ஸ்கர், ஜெனி மக்கே ஆகிய இருவரும் உடன் சென்றனர். ஐந்தாமவர் மினி லான்ஸ்பரி. இவர் ஜோர்ஜ் லான்ஸ்பரியின் மருமகள். ரஷ்ய ஆட்சியிலிருந்த போலந்திலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்து, ஆசிரியையாகப் பணியாற்றியவர். யுத்தகாலத்தில் போர்வீரரின் மனைவியருக்கும் விதவைகளுக்கும் சேரவேண்டிய உதவிப்பணத்தைப் பெற்றுக்கொடுப்பதற்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர். அவ்வட்டாரத்துப் பெண்கள் அவரைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகவே கருதினர்.

சிறைக்குள்ளே சபைக் கூட்டம்

சிறைக்குள்ளும் அவர்கள் வாளாவிருக்கவில்லை. மாலைவேளையில் பிரிக்ஸ்டன் மதிலுக்கு வெளியே மக்கள் கூடுவர். சாளரக் கம்பிகளுக்கூடாக ஜோர்ஜ் லான்ஸ்பரி அவர்களுக்குச் சொற்பொழிவாற்றுவார். அப்போது அவருக்கு வயது அறுபத்திரண்டு. நகரசபை உறுப்பினரிற் பெரும்பாலார் சிறையிலிருந்தமையால் ஊர்க் கருமங்கள் தடைப்படலாகாதென்று வாதாடி, சிறைச்சாலைக்குள்ளேயே சபைக் கூட்டம் நடத்துவதற்கு அனுமதி பெற்றனர். ஹொலோவேயிலிருந்து பெண் உறுப்பினர்கள் மோட்டார் வண்டியில் பிரிக்ஸ்டனுக்கு அழைத்துவரப்பட்டனர்.

இதற்கிடையில் அயலிலுள்ள ஸ்டெப்னி, பெத்னல் கிரீன் ஆகிய நகரசபைகளும் பொப்லரைப் பின்பற்றுவதெனத் தீர்மானித்தன. இந்நெருப்பு பரவுமாயின் லண்டன் நிருவாகமே நிலைகுலையும் என அரசாங்கம் அஞ்சியது. ஒக்டோபர் மாதம் 12 ஆம் திகதி, வரியைக் கட்டாமலே, உறுப்பினர்கள் விடுதலை பெற்றனர். வீட்டிலிருந்தவாறு உதவி பெறும் ஏழைகளுக்கான செலவையும் லண்டன் முழுவதும் பகிர்ந்துகொள்வதற்கு வழிசெய்யும் சட்டம் அவ்வாண்டு முடிவதற்குள் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. மாடிவீட்டு ஒழுங்கையும் தன் பங்கைக் கொடுக்க நேர்ந்தது.

மறுபக்கம்

இக்கதையில் எல்லாம் ஒருபக்கமாகவே இருந்ததென வாசகர்கள் எண்ணிவிடலாகாது. லண்டன் தொழிற்கட்சியின் செயலாளராகவும் ஹக்னியின் நகரபிதாவாகவும் இருந்த ஹெர்பர்ட் மொரிசன் இம்முறையை ஏற்றுக்கொள்ளவில்லை. ‘நாளை ஆட்சி நம் கைக்கு வரும்போது, மற்றவர்கள் சட்டத்தை மீறினால் நாம் என்ன சொல்வோம்?’ என்பது அவரைப் போன்றோரின் ஐயம். அதிலும் நியாயம் இருந்தது. பொப்லர் செலுத்த மறுத்த பணம் பள்ளிக்கூடங்களுக்கும் தொற்றுநோய் வைத்தியசாலைகளுக்கும் செல்லவேண்டியது. எல்லாச் சபைகளும் அவ்வாறே மறுத்திருந்தால், அவற்றிற் பயன்பெற்ற ஏழைக் குழந்தைகளே முதலில் இன்னலுற்றிருப்பர்.

சம்பள விஷயத்திலும் பொப்லர் முழு வெற்றி பெறவில்லை. யுத்தத்துக்குப் பின் ஏறியிருந்த விலைவாசி விரைவில் இறங்கத் தொடங்கியது. அப்போதும் வாரத்துக்கு 4 பவுண் என்னும் சம்பளத்தைச் சபை குறைக்கவில்லை. கணக்குப் பரிசோதகர் அதனை மிகையான செலவென்று கூறி, 5,000 பவுணை உறுப்பினர்களே தங்கள் கைப்பணத்திலிருந்து ஈடுசெய்ய வேண்டுமெனப் பணித்தார். வழக்குப் பல படிகளைக் கடந்து பிரபுக்கள் சபைவரை சென்றது. 1925 ஆம் ஆண்டில் அச்சபையின் நீதிபதிகள் பரிசோதகரின் பக்கமே தீர்ப்பளித்தனர். வரிசெலுத்துவோரின் பணத்தை நம்பிக்கைப் பொறுப்பாகக் கையாளும் சபை, தன் மனம் கொண்டவாறு தாராளமாக இருக்க முடியாதென்பது அத்தீர்ப்பின் கருத்து. ஆங்கிலச் சட்டத்தைப் பயில்வோர் அவ்வழக்கை இன்றும் படிக்கின்றனர். அத்தீர்ப்புச் சரியானதா என்று இன்றும் விவாதிக்கின்றனர்.

இவை யாவற்றினும் துயரந்தருவது மினியின் முடிவே. விடுதலையாகி மூன்று மாதம் நிரம்புமுன், 1922 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதலாந் திகதி, நியுமோனியாவினால் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. சிறைவாசம் அவர் உடலைத் தளர்த்திவிட்டதென்றே அவரை அறிந்தோர் நம்பினர். அப்பகுதியின் பெருந்தெருவொன்றில் அவர் பெயரால் அமைந்த மணிக்கூடு ஒன்று உண்டு.

அதே ஆண்டு நவம்பரில் மீண்டும் தேர்தல் வந்தது. பொப்லர் மக்கள் தொழிற்கட்சிக்கே பெரும்பான்மை ஆசனங்களை அளித்தனர். மக்களுடைய தீர்ப்பும் நீதிமன்றத்தின் தீர்ப்பும் எப்போதும் ஒன்றாயிருப்பதில்லை.

இன்றைய நிலை

பொப்லர் நகரசபை இன்று தனியே இல்லை. 1965 ஆம் ஆண்டில் அது ஸ்டெப்னி, பெத்னல் கிரீன் ஆகியவற்றுடன் இணைந்து டவர் ஹம்லெட்ஸ் என்னும் பெயரைப் பெற்றது. ஏழைகள் பாதுகாப்புச் சபைகளும் 1930 ஆம் ஆண்டில் மறைந்தன. குடிமக்களின் வீடுகளுக்கு விதிக்கப்பட்டுவந்த பழைய வரி இங்கிலாந்தில் 1990 ஆம் ஆண்டுடன் நின்றது. வீட்டின் விலைமதிப்பைப் படிகளாக வகுத்து விதிக்கும் வேறொரு வரி 1993 ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. 1951 ஆம் ஆண்டு பிரித்தானியப் பெருவிழாவின்போது பொப்லரில் எழுப்பப்பட்ட மாதிரிக் குடியிருப்புக்கு லான்ஸ்பரியின் பெயரையே சூட்டினர்.

தொழிலாளர் சுமை தூக்கிய மேற்கிந்தியத் துறையின்மீது இன்று கனேரி வார்ஃப் என்னும் வங்கி மாளிகைகள் வானளாவி நிற்கின்றன. அவற்றின் நிழலிலேயே வாடகைக்கு அல்லற்படும் குடும்பங்களும் வாழ்கின்றன. செல்வமும் வறுமையும் முன்னர் வெவ்வேறு பகுதிகளில் இருந்தன. இன்று ஒரே தெருவின் இரு பக்கங்களில் இருக்கின்றன. 2023 ஆம் ஆண்டில், ஆரம்ப வகுப்புகளோடு நில்லாமல் இடைநிலைப் பள்ளி மாணவருக்கும் மதிய உணவை இலவசமாக வழங்கும் திட்டத்தை டவர் ஹம்லெட்ஸ் சபை தொடங்கியது. தாய்மாருக்குப் பால் வழங்கிய பழைய சபையின் நினைவு அம்மண்ணில் முற்றாக அழிந்துவிடவில்லை என்றே நாம் எண்ணுகின்றோம்.

நாம் கேட்கவேண்டியவை

பொப்லரின் கதையிலிருந்து நமக்குக் கிடைப்பது சட்டத்தை மீறும் உபதேசமன்று. சபைக்கு வர விரும்பும் ஒருவரை நாம் எவ்வாறு அளந்தறியவேண்டும் என்பதை அது நமக்குக் காட்டுகின்றது. எவ்வளவு செய்வேன் என்று அவர் சொல்வதை மாத்திரம் கேட்டல் போதாது. எதை முதலிற் செய்வீர் என்று கேட்கவேண்டும். பொப்லர் அபேட்சகர்கள் குழந்தையின் பாலையும் தாயின் நலத்தையும் முதலில் வைத்தனர். அதன்பின், செலவை யார் தாங்குவார் என்று கேட்கவேண்டும். இலவசம் என்று நம் கையிற் கொடுத்ததை வாடகையிலும் வரியிலும் திரும்பப் பெற்றுக்கொண்டால் குடும்பத்துக்கு என்ன இலாபம்? கடைசியாக, பணம் போதாத காலம் வந்தால் யாருடைய பக்கம் நிற்பீர் என்றும் கேட்கவேண்டும். ஏனெனில், பணம் போதாத காலம் எல்லாச் சபைகளுக்கும் ஒருநாள் வந்தே தீரும்.

1919 ஆம் ஆண்டில் பொப்லர் வீடுகளின் வாயிலில் நின்று வாக்குக் கேட்டவர்களுக்கு, இரண்டு ஆண்டுகளுக்குள் இக்கடைசிக் கேள்விக்கு விடைசொல்ல நேர்ந்தது. அவர்கள் செய்தது முழுவதும் சரியென்று எல்லோரும் ஒப்பமாட்டார்கள். ஆனால் வாக்களித்தவர்களுக்குத் தாம் கொடுத்த சொல்லை, தமக்கு இழப்பு வந்த காலத்திலும் அவர்கள் காத்தனர் என்பதை எவரும் மறுத்ததில்லை. அடுத்த முறை நம் படலையில் ஓர் அபேட்சகர் வந்து நிற்கும்போது, அவரை அன்போடு உள்ளே அழைத்து, ஒரு கோப்பை தேநீரும் கொடுத்து, இம்மூன்று கேள்விகளையும் கேட்டுப் பார்ப்போமாக.